முழு வருகைக் கேடயம்

மனித மனத்தைப் பற்றி அனுப்பிரியாவுக்குத் தொண்ணூறு நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அதில் ஞாயிறு பதின்மூன்று, அரசு விடுமுறை மூன்று, சோறு சரியில்லை என்று எல்லோரும் வெளியே போய் நின்ற நாள் ஒன்று, சான்றிதழ் கொடுக்க வேண்டிய அதிகாரிக்காகக் காத்திருந்த நாள் இரண்டு. இவை போக மிச்சம் எழுபத்தொன்று. அந்த எழுபத்தொரு நாளில் கண், காது, கை, கால், புத்தி, மனம் என்று ஆறு வகைக் குறைகளையும் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மனம் வரிசையில் கடைசியாக வந்ததால் அதற்கு அரை நாள்தான் கிடைத்தது. அந்த அரை நாளிலும் பாதி நேரம் மின்சாரம் இல்லை.

இப்படித் தேறி வந்தவளுக்குச் சிறப்பாசிரியை என்று பெயர் வைத்து, சிவகாசிப் பக்கம் பதினான்கு பள்ளிக்கூடங்களை ஒப்படைத்து, கையில் ஒரு பெட்டியையும் கொடுத்தார்கள். பெட்டிக்குள் கோப்பதற்கு மணிகள், வண்ணக் கட்டைகள், எண்ணுவதற்குக் குச்சிகள், ஒரு கிலுகிலுப்பை, ஒரு கட்டுப் படிவம். விருதுநகர்க்காரி, வயது இருபத்து நான்கு, படித்தது விலங்கியல். பேருந்தில் நடத்துநரிடம் ஊர்ப் பெயரைச் சொல்வதற்கே மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ஊரையெல்லாம் வாய் திறக்க வைக்கும் வேலைக்கு அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஆறு, செப்டம்பர். நாரணாபுரம் தாண்டிப் போகும் டவுன் பஸ்ஸில் கடைசி நிறுத்தத்தில் அவள் இறங்கிய நடுநிலைப் பள்ளியில் புதிதாக ஒரு சாய்தளம் போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளுக்காக. அந்த ஊரில் சக்கர நாற்காலி கிடையாது. தலைமையாசிரியர் ராஜபாண்டியனின் டி.வி.எஸ். வண்டி அதன் வழியாக ஏறி நேராக வராந்தா நிழலில் போய் நின்றது.

"அரசாங்கம் செஞ்சதுலயே உருப்படியான காரியம் இதுதான் டீச்சர்" என்று வண்டியைப் பூட்டினார் அவர். "உக்காருங்க. உங்களுக்குன்னே ஒரு கேஸ் எடுத்து வச்சிருக்கேன். ஏழாம் வகுப்பு. பேரு எழில். காது கேக்கல. எழுதிக்கிடுங்க."

"பாத்துட்டு எழுதுறேன் சார்."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? பேரைக் கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கா. ஒரு மாசமாச்சு. காது கேட்டா பதில் சொல்ல மாட்டாளா? என் வீட்டுக்காரி கூப்பிட்டா நானுந்தான் பதில் சொல்ல மாட்டேன். அது வேற."

ஏழாம் வகுப்பின் ஆசிரியர் பாலகுரு. நாற்பதை நெருங்கும் வயது, ஒல்லியான ஆள், சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா. கரும்பலகையில் அவர் எழுதியிருந்த தேதியைப் பார்த்தால் சிவகாசி அச்சாபீஸில் கொடுத்து அடித்து வாங்கியதோ என்று தோன்றும். அனுப்பிரியா வந்த விஷயத்தைச் சொன்னதும் அவர் எழிலைக் காட்டவில்லை. வகுப்பைக் காட்டினார். "நாப்பத்தொண்ணு பேரு. எல்லாரும் வந்திருக்காக" என்றார்.

நாற்பத்தொரு பேரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பயிற்சியில் சொன்னபடி, பின்னால் போய் நின்று அனுப்பிரியா பலமாகக் கை தட்டினாள். ஒரு தலையும் திரும்பவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினாள். திரும்பவில்லை. தனக்குத்தான் கை தட்டத் தெரியவில்லையோ என்ற சந்தேகத்தில் சுவரோரம் கிடந்த ஒரு மரப்பலகையைத் தூக்கித் தரையில் போட்டாள். முன் வரிசைப் பையன் ஒருவன் மட்டும், "கீழ விழுந்துட்டு டீச்சர்" என்று தகவல் சொன்னான், திரும்பாமலே.

அப்போதுதான் அது வெடித்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பொட்டலில், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் புதுச் சரக்கை வெடித்துச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. அனுப்பிரியாவின் கையிலிருந்து பெட்டி நழுவி மணிகள் வகுப்பெங்கும் உருண்டன. நாற்பது தலைகள் குனிந்தபடியே இருந்தன. பிறந்ததிலிருந்து கேட்கும் சத்தம். மூன்றாவது வரிசையில் மட்டும் ஒரு பென்சில் நடுவில் இரண்டாக ஒடிந்தது. ஒடித்த பெண் இரு கைகளையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டு, மூச்சை வாயால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுதான் எழில்" என்றார் பாலகுரு.

படிவத்தின்படி பார்த்தால் அந்த வகுப்பில் நாற்பது பேருக்குக் காது கேட்காது. காது கேட்கும் ஒரே பிள்ளை எழில்தான்.

ராஜபாண்டியன் இந்த முடிவை தோற்ற விளையாட்டு வீரரைப் போலப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். "காது இல்லையா? சரி. அப்போ புத்தின்னு எழுதுங்க."

"அதுக்கும் சோதனை இருக்கு சார்."

"எல்லாத்துக்கும் சோதனையா? அடுத்த மாசம் வாசிப்புத் திறன் பாக்க வாராக டீச்சர். நூத்துக்கு நூறு காட்டணும். இவ வாயத் திறக்க மாட்டா. மனவளர்ச்சி குன்றுனவன்னு ஒரு சான்றிதழ் இருந்தா இவளைக் கணக்குல சேக்க மாட்டாக. அம்புட்டுத்தான் விசயம். நான் என்ன, பிள்ளையக் கொல்லவா சொல்றேன்?"

வராந்தாவில் எழிலை உட்கார வைத்து மணிகளைக் கொட்டினாள் அனுப்பிரியா. ஏழு வயதுக் குழந்தை ஒரு நிமிடத்தில் பத்து மணி கோக்க வேண்டும் என்பது கணக்கு. பன்னிரண்டு வயது எழில் ஒரு நிமிடத்தில் முப்பத்தாறு கோத்தாள். நூலைப் பல்லில் கடித்துப் பிடித்து, கண்ணை மூடாத குறையாக. முடிச்சுப் போட்டுக் கட்டித் தள்ளி வைத்துவிட்டு அடுத்த நூலுக்குக் கை நீட்டினாள். குச்சிகளைக் கொடுத்து எண்ணச் சொன்னபோது எண்ணவில்லை. கைப்பிடியாக அள்ளினாள், அள்ளிய ஒவ்வொரு பிடியிலும் சரியாக ஐம்பது இருந்தன. அனுப்பிரியா இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தாள். இத்தனை புத்தியை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தில் போடவில்லை. எத்தனை குறைவு என்று எழுதத்தான் இடம் விட்டிருந்தார்கள்.

"இதெல்லாம் எங்க படிச்ச?" என்று கேட்டாள். எழில் அவளைப் பார்த்தாள். தெரிந்தும் கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா என்று எடை போடுகிற பார்வை. பிறகு மணிகளை நிறம் பிரித்துப் பெட்டிக்குள் அடுக்கிக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அனுப்பிரியா எழிலின் வீட்டைத் தேடிப் போனபோது, தெருமுனையிலேயே குரல் கேட்டது.

"ஏலே மாரிக்கண்ணா, கொடத்த மூடிட்டுப் போலே. நாய் வாய வச்சா நீதான் குடிப்ப."

கணீரென்ற குரல். எழிலின் குரல். டீச்சரைக் கண்டதும் குழாயை அடைத்ததுபோல நின்றது.

அம்மா சோலையம்மாள் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். பட்டாசு ஆலையை அந்தப் பக்கம் பயராபீஸ் என்பார்கள். முழங்கை வரை கைகளில் வெள்ளி மருந்து படிந்து, அதற்கு மேல்தான் சொந்த நிறம். தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக்கொண்டே, "வாங்க டீச்சரம்மா. காப்பி சாப்பிடுறீகளா?" என்றாள்.

"வேண்டாம்மா. வீட்டுல நல்லாத்தான பேசுறா?"

"பேசுவா. வாய் எம்புட்டுன்னு நினைக்கீக? அங்கனதான் பேச மாட்டா."

"எப்ப இருந்து?"

"அந்த வியாழக்கிழமைக்குப் பிறகுதான்."

"எந்த வியாழக்கிழமை?"

நார் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக ஓடியது. "கிழமைக்கு என்ன தாயி பஞ்சம்? வாரம் ஒண்ணு வருது."

அனுப்பிரியாவுக்கு அடுத்த கேள்வி கேட்கத் தெரியவில்லை. பேசாமல் நின்றாள். கூச்சத்துக்கு ஒரு லாபம் உண்டு. பேசாமல் நிற்கிறவர்களிடம் மற்றவர்கள் தாங்களாகவே பேசிவிடுவார்கள்.

"தூங்க மாட்டேங்கா" என்றாள் சோலையம்மாள், குரலை இறக்கி. "எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு கைய மோந்து மோந்து பாக்கா. சோப்புப் போட்டுக் களுவிட்டேன், மஞ்சள் தேச்சுட்டேன். இன்னும் வாடை அடிக்குங்கா. கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன், திருநீறு போட்டுவிட்டாக. நீங்க அந்தத் தாளக் குடுத்துருங்க தாயி. கிறுக்குன்னு எழுதியிருந்தாலும் பரவாயில்ல. தாளு இருந்தா பிறகு ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாகன்னு பெரிய சார் சொன்னாக."

"தாளு குடுத்தா பள்ளிக்கூடத்துல பேர எடுத்துருவாங்கம்மா. சிறப்புப் பள்ளிக்குப் போகணும்பாங்க. அது விருதுநகர்ல இருக்கு. யார் கூட்டிட்டுப் போவாங்க?"

"வீட்டுல இருப்பா."

"வீட்டுலயா இருப்பா?"

சோலையம்மாள் தன் கைகளைப் பார்த்தாள். "தீபாவளி சீசன் முடியட்டும்" என்றாள்.

பேருந்தில் வரும்போது அனுப்பிரியாவுக்கு ஞாபகம் வந்தது. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. அந்த ஊருக்குக் கிழக்கே ஒரு கம்பெனியில் மருந்து அறை வெடித்து இரண்டு பெண்கள் செத்துப் போனார்கள். நாலு நாள் கழித்துப் பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் வந்தது. கடைசி வரியில், குழந்தைத் தொழிலாளர் யாரும் அங்கே இல்லை என்பது விசாரணையில் உறுதியானதாகப் போட்டிருந்தார்கள். நல்ல வேளை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியதும் ஞாபகம் வந்தது.

மறுநாள் வருகைப் பதிவேட்டைக் கேட்டாள். பாலகுரு அதைக் கையில் கொடுக்கவில்லை. மேசையில் விரித்துக் காட்டினார், புடவைக்கடைக்காரர் பட்டு விரிப்பதுபோல. காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதன்மேல் குறுக்கே ஒன்று. நாற்பத்தொரு பெயர், ஒரே அளவுப் பெருக்கல் குறிகள். ஓர் அடித்தல் இல்லை. அவர் தலைக்கு மேல் ஒரு கேடயம் மாட்டியிருந்தது. ஒன்றியத்திலேயே முழு வருகை காட்டிய ஒரே பள்ளிக்கூடம்.

ஆகஸ்ட் பக்கத்தில் பதினைந்தாம் தேதி சிவப்பு மையில் சுதந்திர தினம் என்று எழுதியிருந்தது. பதினேழு, வியாழன். நாற்பத்தொன்று. எழிலுக்கும் இரண்டு கோடு.

"எப்படி சார் ஒரு பிள்ளை விடாம வாராங்க? அதுவும் சீசன்ல?"

இந்தக் கேள்வியைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார் பாலகுரு. "திங்கக்கிழமையே வெள்ளி வரைக்கும் போட்டுருவேன் டீச்சர். தினமும் போட்டா அடித்தல் திருத்தல் வந்து பக்கம் அசிங்கமாயிரும்."

"வராத பிள்ளைங்க?"

"என்னைக்காவது வரும்ல?" என்றார். பிறகு, கொஞ்சம் தணிந்த குரலில், "ஆப்சென்ட் போட்டா மேல இருந்து ஏன்னு கேப்பாக. தொடர்ந்து போட்டா பேர அடிக்கணும். பேர அடிச்சா பிள்ளை போனது போனதுதான். பதினோரு வருச சர்வீஸ்ல நான் ஒரு பிள்ளை பேர அடிச்சதில்ல டீச்சர்."

உண்மையாகத்தான் சொன்னார். அவர் கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. தன் கையெழுத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசும்போது அவருக்கு ஒரே மாதிரிதான் கண் கலங்கும்.

"இந்தப் பக்கத்துல ஜெராக்ஸ் எடுத்த மாதிரி மடிப்பு இருக்கே சார்?"

"கம்பெனிக் கணக்குப்பிள்ளை வந்து எடுத்துட்டுப் போனாரு. சனிக்கிழமை. பிள்ளைக எல்லாம் பள்ளிக்கூடத்துலதான் இருந்துச்சுன்னு விசாரணைல காட்டணும்னாரு. கொடுத்தோம். கொடுக்காம? அவுகதான் சாய்தளத்துக்குச் சிமெண்டு கொடுத்தது."

அனுப்பிரியா வியாழக்கிழமைக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். அவரே பேசினார்.

"அதிகாரி வந்து பிள்ளைகளக் கேட்டாலும் கேப்பாருன்னு பெரிய சார் சொன்னாரு. அதனால அன்னைக்கு நடத்துன பாடத்தை எல்லாருக்கும் ஞாபகப்படுத்தினேன். சதவீதக் கணக்கு. எழிலுக்குத் தனியா ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு. 'வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். சதவீதக் கணக்குப் போட்டோம்.' பத்து தடவ சொல்லச் சொன்னேன், மனசுல பதியணும்ல."

"சொன்னாளா?"

"ஒம்போது தடவ சொல்லிட்டா." பாலகுரு பேனா மூடியைக் கழற்றித் திரும்ப மாட்டினார். "பத்தாவது தடவ வாய் அசையுது. சத்தம் வரல. அதிகாரி கடைசி வரைக்கும் வரவே இல்ல, அது வேற."

பதிவேட்டை மூடி, தூசி தட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

ராஜபாண்டியனுக்கு இது எட்டாமல் இருக்குமா? மதியச் சோற்று வேளையில் அனுப்பிரியாவை அழைத்து, உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"விலங்கியல் படிச்சிருக்கீக. தவளைய அறுத்துப் பாத்திருப்பீக. அறுத்த பிறகு தவளை உசுரோட இருந்துச்சா?"

"இல்ல சார்."

"அதைத்தான் சொல்றேன். ஊர்ல முக்காவாசி வீட்டுல அந்தக் கம்பெனிச் சோறு. கம்பெனிய மூடுனா நீங்க பஸ் ஏறிப் போயிருவீக. நாங்க இங்கன இருக்கணும். புதன்கிழமை சிவகாசில மருத்துவ முகாம். மதுரையிலிருந்து மனசு டாக்டர் வாராரு. படிவத்தை நிரப்பிக் கொண்டாங்க, கையெழுத்து வாங்குவோம், பிள்ளைக்கும் நிம்மதி. உங்களுக்கும் அடுத்த வருசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும்ல?"

அனுப்பிரியா, "சரி சார்" என்றாள். அவள் அதைத்தான் எல்லோரிடமும் சொல்வாள். வீட்டிலும் அவளுக்கு நல்ல பிள்ளை என்று பெயர்.

முகாமில் எழுந்து நின்று நாலு பேர் முன்னால் பேசுவது தன்னால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். முயன்று பார்க்கவும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படிவத்தை எடுத்தாள். பதினேழு கட்டங்கள். பதினேழாவது, மருத்துவர் கையொப்பம். அளவுகோலும் கறுப்புப் பேனாவும் எடுத்து, அதற்கு மேலே கச்சிதமாக இன்னொரு கட்டம் கட்டினாள். அதற்குள் அரசாங்கத் தமிழில் எழுதினாள்: 'குறைபாடு தொடங்கிய நாளன்று குழந்தை இருந்த இடம் மற்றும் நிகழ்ந்தவை. வகுப்பாசிரியர் தம் கைப்பட நிரப்புதல் வேண்டும்.' கையொப்பத்தைப் பதினெட்டு ஆக்கினாள். காலையில் ஜெராக்ஸ் எடுத்தபோது அச்சும் கையும் ஒன்றாகிவிட்டன. படிவத்தில் ஒரு கட்டம் குறைந்தால்தான் கேள்வி வரும். கூடினால் வராது. பதினான்கு பள்ளிக்கூடங்களில் அலைந்து அவள் சொந்தமாகக் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

புதன்கிழமை முகாமுக்கு நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். டாக்டர் பத்து மணிக்கு ஆரம்பித்தார். ஒரு மணிக்குச் சாப்பாடு. ஒரு பிள்ளையின் புத்திக்கு ஒன்றரை நிமிடம். நன்றாகப் படித்தவர், நல்லவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். எழிலின் முறை வந்தபோது மணி பன்னிரண்டரை. மேசைக்கு இந்தப் பக்கம் எழில், சோலையம்மாள், ராஜபாண்டியன், பாலகுரு. ஓரத்தில், சுவரோடு சுவராக, பெட்டியோடு அனுப்பிரியா.

"பேரென்ன பாப்பா?"

எழில் அவருடைய பேனாவைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"பிறவியிலயே சார்" என்றார் ராஜபாண்டியன்.

டாக்டர் அப்படியே எழுதினார். பக்கத்தைத் திருப்பினார். நின்றார். "ஆறாம் வகுப்பு வரைக்கும் வகுப்புல முதல்னு போட்டிருக்கு. அஞ்சாம் வகுப்புல குடியரசு தினத்துக்கு மேடையில பேசியிருக்கா. பிறவியிலயே பேசாத பிள்ளை எப்படிங்க மேடையில பேசுச்சு?"

"சின்ன வயசுல பேசும் சார். பிறகு போயிரும்."

"எது?"

"பிறவிக் குணம்" என்றார் ராஜபாண்டியன், சளைக்காமல்.

டாக்டர் சோலையம்மாளின் பக்கம் திரும்பினார். "அம்மா, நீங்க சொல்லுங்க. என்னைக்கு இருந்து?"

சோலையம்மாள் தலைமையாசிரியரைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். எழில் தன் வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துகொண்டிருந்தாள், யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில்.

"ஆகஸ்டு மாசம் பதினேழாந் தேதி" என்றாள் சோலையம்மாள். "வியாழக்கிழமை."

"தேதி, கிழமை எல்லாம் சரியாச் சொல்றீங்களே. அன்னைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சார்."

டாக்டர் 'பிறவி'யை அடித்துவிட்டுத் தேதியை எழுதினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "பதினேழாவது கட்டம் காலியா இருக்கு. இது எப்போ சேர்த்தாங்க?"

அனுப்பிரியா சுவரை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். "புதுப் படிவம் சார்" என்றாள். பணியில் சேர்ந்தபின் அவள் சொன்ன முதல் பொய். நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"மாசத்துக்கு ஒண்ணு மாத்துறாங்க" என்று டாக்டர் பெருமூச்சு விட்டார். "வகுப்பாசிரியர் யாரு? எழுதுங்க. காலியா விட்டா மேல இருந்து திருப்பி அனுப்புவாங்க."

பாலகுரு முன்னால் வந்தார். படிவத்தை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார்.

"பள்ளிக்கூடம்னு போடுங்க பாலகுரு சார்" என்றார் ராஜபாண்டியன். "அதுக்குத்தான் ரெஜிஸ்டர் இருக்கே."

பாலகுரு குனிந்து எழுதினார். கட்டத்தின் நடுவில், அழகாக, 'பள்ளிக்கூடம்.' எழில் மேசை விளிம்பைப் பிடித்து எட்டி அந்தச் சொல் முடிகிற வரைக்கும் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் அம்மாவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க" என்றார் டாக்டர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்று காலையிலிருந்து முதல் முறையாக அவருக்குத் தூக்கம் கலைந்த மாதிரி இருந்தது. "காலையில நல்லா பேசிக்கிட்டுப் போன பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கு. அன்னையில இருந்து பள்ளிக்கூடத்துல வாயத் திறக்கல, வீட்டுல பேசுதுன்னு இந்த டீச்சர் பொண்ணு எழுதியிருக்கு. இது புத்தி இல்லாத பிள்ளை இல்ல. பயந்த பிள்ளை. அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல யார் இவளை என்ன பண்ணினது?"

பக்கத்து அறையில் காதுக் கருவி மாட்டிப் பார்க்கும் பிள்ளை ஒன்று சிரித்தது.

"யார் அடிச்சது? இல்ல, அடிய விட மோசமா ஏதாவது நடந்துச்சா? சான்றிதழ்ல நான் கையெழுத்துப் போட முடியாது. புகார்தான் எழுதணும்."

ராஜபாண்டியன் மின்விசிறியைப் பார்த்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அவருக்குத் தெரியும். "நான் ஆபீஸ் ரூம்ல இருந்தேன் சார்" என்றார். "வகுப்புல நடக்கதுக்கு வகுப்பாசிரியர்தான் பொறுப்பு. பாலகுரு சார் தங்கமான மனுசன். கொஞ்சம் கோவம் வரும். அம்புட்டுத்தான்."

பாலகுரு தலையை நிமிர்த்தினார். சாய்தளத்தில் அந்த டி.வி.எஸ். ஏறும்போதெல்லாம் பின்னால் நின்று தள்ளிவிட்டவர் அவர்தான்.

"நான் ஒரு பிள்ளை மேலயும் கை வச்சதில்ல சார்."

"அப்போ அன்னைக்கு வகுப்புல என்னதான் நடந்துச்சு?" என்றார் டாக்டர்.

"சதவீதக் கணக்கு..." என்று பாலகுரு தொடங்கினார். முடிக்க முடியவில்லை. வாய் அசைந்தது. சோலையம்மாள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, சொல்லாதே என்கிறாளா, சொல் என்கிறாளா என்று தெரியாதபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். சேலைக்குள்ளிருந்து எழிலின் ஒரு கண் மட்டும் அவரைப் பார்த்தது.

பாலகுரு பேனாவை மறுபடி திறந்தார். பதினோரு வருடத்தில் முதல் முறையாக, தான் எழுதியதன்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோணலாக விழுந்தது, மை கட்டத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போனது.

"சார், வேண்டாம்" என்றார் ராஜபாண்டியன்.

"அன்னைக்கு எழில் பள்ளிக்கூடத்துக்கு வரல" என்றார் பாலகுரு. "பயராபீஸ்ல இருந்தா. வெடிச்ச ரூமுக்கு அடுத்த ரூம்ல. வந்ததா எழுதுனது நாந்தான்."